கண்கட்டு

எந்தக் கண்ணில் செல்களை விதைத்தார்கள் என்று
எனக்குச் சொல்லக் கூடாது.
சொன்னால் என் காது அந்தப் பக்கம் சாயும்,
பாதி உச்சரித்த எழுத்துக்கும் முழு மதிப்பெண் போடும்.
அதனால் நொவீனாவில், நாலாம் மாடியில்,
சன்னலில்லாத அறையில்
நாலு மீட்டர் தள்ளி ஒரு வெளிச்சப் பெட்டி,
அதில் பத்தே பத்து எழுத்துகள் மாறி மாறி,
இந்தப் பக்கம் நான்.
கண்ணைச் சோதிக்கச் சம்பளம்,
கண்ணைக் கட்டிக்கொள்ளவும் சேர்த்து.

சவரிநாதன், வயது எழுபத்திரண்டு.
தஞ்சோங் பகாரில் கிரேன் ஓட்டியவர்.
முப்பது மீட்டர் உயரத்திலிருந்து
நாற்பதடிக் கன்டெய்னரை
லாரியின் நான்கு கொண்டிகள் மேல்
சத்தமில்லாமல் உட்கார வைத்தவர்.
இப்போது அவருக்கு ஓரங்கள் உண்டு, நடு இல்லை.
என் தோடு தெரிகிறதாம், முகம் தெரியவில்லையாம்.
கட்டம் போட்ட தாளைக் காட்டினால்
"கோடெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்கற மாதிரி நெளியுதும்மா."

ஆறாவது மாதம்.
சட்டைப் பையிலிருந்து ஒரு வழவழப்புத் தாள் எடுத்தார்,
கோப்பிக் கடைக் கூட்டாளி கொடுத்ததாம்.
கடல் தாண்டி ஒரு மருத்துவமனை:
வயிற்றுக் கொழுப்பை எடுத்து, கழுவி, வடித்து
இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி.
பதினெட்டாயிரம் வெள்ளி, ஹோட்டல் உட்பட.
வெற்றி தொண்ணூற்றெட்டு விழுக்காடு.
எதில் தொண்ணூற்றெட்டு, எண்ணியது யார்,
ஓராண்டு கழித்து யாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்
என்பதெல்லாம் தாளில் இல்லை.
தாளில் ஒரு சூரியகாந்தி வயல் இருந்தது.
எங்களுடையது கண்கட்டு.
அது கண்கட்டு வித்தை.

இதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று
கையேட்டில் ஒரு பக்கமே உண்டு.
நான் சொன்னது அதில் இல்லை:
"ஒரே நாள்ல ரெண்டு கண்ணையும் கேக்கறவன்கிட்ட
ஒரு கண்ணைக்கூடக் கொடுக்காதீங்க அங்கிள்."

பிறகு இடது கண்ணை மூடிப் படிக்கச் சொன்னேன்.
படித்தார்.
அந்த வேகம்தான் இடித்தது.
ஒரு பெட்டியையும் அவசரமாக இறக்காதவர்
நாலாம் வரியை ஒரே மூச்சில் இறக்கினார்.
ஐந்து. ஆறு.
ஏழாம் வரியில் ஒன்றை மட்டும் தவறவிட்டார்.
முப்பத்து நான்கு.
தொடக்கத்தில் பத்தொன்பது.
பதினைந்து கூடினால் முன்னேற்றம் என்று
ஒப்புதல் படிவத்தின் பதினோராம் பக்கம் சொல்கிறது.
சரியாகப் பதினைந்து.

என் நெஞ்சு துள்ளியதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.
எழுந்துபோய் அட்டையை மாற்றினேன்.
அதே அளவு, வேறு வரிசை.

குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும்.
"ஓ... இல்ல, சி.
அடுத்தது...
அடுத்தது இருக்கு. என்னன்னு தெரியலை."

இருபத்திரண்டு.
மூன்று எழுத்து கூடுதல்.
ஒரு நல்ல தூக்கம் தரும் மூன்று.
காலைக் கோப்பி தரும் மூன்று.
செல்கள் தந்ததாகவும் இருக்கலாம்.
ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது,
அதற்குத்தான் நாற்பது பேர், இரண்டு வருடம்,
விதைத்த கண்ணா விதைக்காத கண்ணா
என்று இன்னும் தெரியாத நான்.

"ஏம்மா மாத்தினே?"
குரலில் கோபமில்லை.
"போன தடவை நீ பேனா தேடப் போனப்ப
கிட்டப் போயி ஓரக் கண்ணால பார்த்து
மனப்பாடம் பண்ணேன்.
இது தோத்துச்சுன்னா மூடிருவாங்கள்ல.
தம்பிக்கும் இப்ப கோடு நெளிய ஆரம்பிச்சிருக்கு."

முப்பத்து நான்கை ஒற்றைக் கோட்டால் அடித்தேன்,
அடித்ததும் படிக்கிறபடி இருக்க வேண்டும், அது விதி.
பக்கத்தில் இருபத்திரண்டு.
கையெழுத்து, தேதி.
காரணம் என்ற இடத்தில்
அட்டை மாற்றப்பட்டது என்று மட்டும்.

வேலை முடிந்து இறங்கினால் மழை.
பஸ் நிறுத்தத்தில் அவர்,
வருகிற எல்லா பஸ்ஸுக்கும் கை நீட்டிக்கொண்டு.
ஓட்டுநர் ஒருவர் கதவைத் திறந்து, திட்டி, மூடினார்.
பக்கத்தில் போய் நின்றேன்.
குரல் கேட்டதும் என் தோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"நூத்தி முப்பத்தொண்ணு வருது அங்கிள்."

"நிச்சயமாவா?
ஏறினப்புறம் மாத்திட மாட்டியே?"